குடும்பப் படம் எடுக்க எங்கே போகலாம்? - கீழக்குயில்குடி மலையடியில் ஒரு வரலாற்றுத் தேடல்



ஒவ்வொரு அக்டோபரிலும் அமெரிக்காவில் இருக்கும் என் அத்தை வீட்டிலிருந்து ஒரு போட்டோ வரும். அத்தை, மாமா, இரண்டு பிள்ளைகள். பின்னால் செக்கச்செவேல் என்று மரங்கள், காலடியில் மஞ்சள் இலைகள். இலையுதிர் காலம் வந்தால் குடும்பத்தோடு வெளியே போய்ப் படம் எடுத்துக்கொள்வது அந்த ஊர் வழக்கமாம். முதல் தடவை அதைப் பார்த்த அப்பத்தா கேட்ட கேள்வி இன்னும் எங்கள் வீட்டில் பிரபலம்.

"ஏய்யா, மரமெல்லாம் தீப்பிடிச்ச மாதிரி நிக்கிது, இவுக என்னத்துக்குச் சிரிச்சுக்கிட்டு நிக்கிறாக?"

இந்த முறை அத்தை குடும்பம் தீபாவளிக்கு ஊருக்கு வந்திருந்தது. மொத்தம் பதினொரு பேர். இவ்வளவு பேரும் ஒன்றாகச் சேர்ந்து பல வருடம் ஆகிவிட்டது. "நாமளும் வெளியில போய் நல்லதா ஒரு படம் எடுத்துக்குவோம்" என்றார் அத்தை. இடம் பார்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. வரலாறு படிக்கிறவன் என்றால் ஊர் சுற்றுகிறவன் என்று எங்கள் வீட்டில் அர்த்தம் :-)

சரி, இடம்தானே, அரை மணி நேரத்தில் முடிவு செய்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். மூன்று நாள் ஆகிவிட்டது. அந்த மூன்று நாளில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நம் ஊரில் எப்போது இலை உதிரும்?

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். அக்டோபரில் மதுரையில் எந்த மரமும் சிவக்காது. குளிர் நாடுகளில் பகல் குறையும்போது இலையில் உள்ள பச்சையம் சிதையும். அதுவரை மறைந்திருந்த மஞ்சள் வெளியே தெரியும். சில மரங்களில் புதிதாகச் சிவப்பு நிறமும் உண்டாகும். நம் பக்கத்து மரங்கள் இலை கொட்டுவது தண்ணீரை மிச்சம் பிடிக்க. அதனால் மாசி, பங்குனியில்தான் இங்கே சருகு காலம்.

பழைய தமிழ்க் கணக்கில் வருடத்துக்கு ஆறு பருவங்கள். அதில் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். வடகிழக்குப் பருவமழை வரும் நேரம். கண்மாயில் தண்ணீர் ஏறும், பாறை நனைந்து கறுக்கும், புல் முளைக்கும். வெயிலுக்குப் பெயர்போன மதுரை கொஞ்சம் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருப்பது இந்த இரண்டு மாதம்தான். மேகம் மூடிய காலை வெளிச்சத்தில் முகத்தில் கடும் நிழல் விழாது என்று போட்டோ எடுக்கிறவர்கள் சொல்வார்கள். ஆக, காரணம் வேறு என்றாலும் காலம் சரிதான்.

அடுத்து இடம். தம்பி திருமலை நாயக்கர் மகால் என்றான். ('பம்பாய்' படத்தில் 'கண்ணாளனே' பாட்டு அங்கேதான் எடுத்தார்கள் என்பது அவன் சொன்ன ஒரே காரணம்.) மாமா தெப்பக்குளம் என்றார். அம்மா அழகர்கோவில் என்றார். அப்பத்தா கடைசியில் வாயைத் திறந்தார்.

"நம்ம ஊரு மலைய விட்டுப்புட்டு எங்கிட்டெல்லாமோ போறீக."

எங்கள் பூர்வீகம் கீழக்குயில்குடி. மதுரைக்கு மேற்கே, நாகமலைப் புதுக்கோட்டைக்குப் பக்கத்தில், சமணர் மலை அடிவாரத்தில் இருக்கிற ஊர். நாங்கள் மதுரைக்குக் குடிவந்து வெகுநாளாகிவிட்டது. சாமி கும்பிட மட்டும் போவோம்.

இடம் இருக்கிறது, ஆள் இல்லை

பழைய படங்களில் நம் பக்கத்து இடங்கள் எப்படி இருந்தன என்று பார்க்கத் தொடங்கினேன். மதுரையைப் போட்டோ எடுத்தவர்களில் மிக முந்தியவர் லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி. 1855-ல் பர்மாவுக்குப் போன தூதுக்குழுவோடு சென்று படமெடுத்தவர். பிறகு மதராஸ் அரசு அவரைத் தன் புகைப்படக்காரராக நியமித்தது. 1858 ஜனவரி, பிப்ரவரியில் அவர் மதுரையில் இருந்தார்.

அவர் பெரும்பாலும் பயன்படுத்தியது கண்ணாடித் தகடு அல்ல, மெழுகு பூசிய காகிதம். அதைத்தான் நெகட்டிவாக்கினார். நம் ஊர் வெக்கைக்கு அது தாங்கும். ஆனால் ஒரு படம் பதிய நிமிடக் கணக்கில் ஆகும். கோபுரம் அசையாது, மனிதர்கள் அசைவார்கள். அதனால் அவர் எடுத்த மதுரைப் படங்களில் பெரும்பாலும் ஆளே கிடையாது. மீனாட்சியம்மன் கோயில், பாழடைந்து கிடந்த நாயக்கர் மகால் (அதைச் செப்பனிட்டது நேப்பியர் பிரபு கவர்னராக இருந்த 1866-72 காலத்தில்தான்), தெப்பக்குளம், வைகையும் அதைக் கடக்கும் தரைப்பாலமும், கலெக்டர் பிளாக்பர்ன் நினைவாக வைத்த விளக்குத்தூண். இன்று ஜவுளி வாங்கப் போகிறவர்கள் இடித்துக்கொண்டு நடக்கும் அதே விளக்குத்தூண், அந்தப் படங்களின் காலத்தில் வெறிச்சோடிக் கிடப்பதுபோல் தெரியும்.

செலவு கூடிப்போகிறது என்று சில வருடங்களிலேயே அரசு அந்த வேலையை நிறுத்திவிட்டது. ஆனாலும் படங்கள் பிழைத்துவிட்டன. 2014-ல் வாஷிங்டனில் உள்ள தேசியக் கலைக்கூடம் டிரைப் எடுத்த படங்களுக்கென்றே ஒரு கண்காட்சி நடத்தியது.

நகரத்தின் முகம் நமக்குக் கிடைத்துவிட்டது. அதே வருடம் அதே தெருவில் நடந்த ஒரு குடும்பத்தின் முகம் கிடைக்கவில்லை. இந்தப் படங்களை லேப்டாப்பில் அப்பத்தாவுக்குக் காட்டினேன். "மனுசரு யாரையும் காணோம்" என்றார். அப்புறம் சொன்னார்: "உங்க பாட்டனுக்கும் ஒரு போட்டோ கெடையாது."

ரேகை இருக்கிறது, முகம் இல்லை

பாட்டன் என்று அவர் சொன்னது தன் மாமனாரை, அதாவது என் அப்பாவின் தாத்தாவை. அவர் 1970-களில்தான் காலமானார். அப்போது ஊர் ஊருக்கு ஸ்டுடியோ வந்துவிட்டது. பின் ஏன் ஒரு படம்கூட இல்லை?

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

டிரைப் மதுரையில் படமெடுத்த அதே 1858-ல், வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் என்ற அதிகாரி சாலைப் பொருள்கள் சப்ளை செய்ய ஒப்பந்தம் போட்ட ராஜ்யதர் கோனாய் என்பவரின் உள்ளங்கையை மையில் தோய்த்துப் பத்திரத்தில் பதிய வைத்தார். "நான் கையெழுத்துப் போடவில்லை" என்று பின்னால் மறுக்கக் கூடாது என்பதற்காக. கைரேகையை அடையாளமாக அரசு பயன்படுத்திய கதை அங்கிருந்துதான் தொடங்குகிறது. 1897-ல் உலகின் முதல் கைரேகைப் பிரிவு கல்கத்தாவில் திறக்கப்பட்டது. ரேகைகளை வகைப்படுத்தும் முறைக்கு அதிகாரி எட்வர்ட் ஹென்றியின் பெயர் வைக்கப்பட்டாலும், அதன் பின்னால் உழைத்தவர்கள் அஜிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு இந்தியர்கள்.

இந்த ரேகை கீழக்குயில்குடிக்கு வந்த விதம் வேறு. 1871-ல் வட இந்தியாவுக்காகப் போட்ட குற்றப் பரம்பரைச் சட்டம், 1911-ல் திருத்தப்பட்டு மதராஸ் மாகாணத்துக்கும் வந்தது. பிரமலைக் கள்ளர்களில் முதன்முதலாக அந்தச் சட்டத்தின் கீழ் கொண்டுவரப்பட்டவர்கள் எங்கள் ஊர்க்காரர்கள். வருடம் 1914. சில வருடங்களில் அது பிரமலை நாடு முழுவதுக்கும் பரவியது. ஒருவர் என்ன செய்தார் என்று பார்ப்பதில்லை. எந்தச் சாதியில் பிறந்தார் என்று பார்த்துப் பதிவேட்டில் ஏற்றினார்கள். பத்து விரல் ரேகை கொடுக்க வேண்டும். வெளியூர் போக ராதாரிச் சீட்டு வேண்டும். ராத்திரி ஆஜர் கொடுக்க வேண்டும். ஜனங்கள் இதற்கு வைத்த பெயரே ரேகைச் சட்டம்தான்.

1920 ஏப்ரல் 3-ம் தேதி, பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை கொடுக்க மறுத்தபோது போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் செத்தார்கள். அந்த மக்களுக்காக வாதாடிய பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப்பை 'ரோசாப்பூ துரை' என்று இந்தப் பக்கத்தில் இன்றும் சொல்வார்கள். மதராஸ் மாகாணத்தில் சட்டம் ஒழிந்தது 1947-ல். நாடு முழுக்க நீங்கியது 1952-ல்.

இதெல்லாம் பாடப் புத்தகத்திலும் ஆராய்ச்சி நூல்களிலும் நான் படித்ததுதான். படிக்காத ஒன்றை அப்பத்தா சொன்னார். அவருக்குக் கல்யாணம் ஆன புதிதில், 1960 வாக்கில், திருவிழாவுக்கு வந்த ஒரு போட்டோக்காரர் வீட்டார் எல்லாரையும் நிற்கச் சொல்லியிருக்கிறார். எல்லாரும் நின்றார்களாம். பாட்டன் மட்டும் மாட்டைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டாராம்.

"'ஒரு தரம் குடுத்தது போதும்'னாரு. என்னத்தக் குடுத்தாருன்னு எனக்கு அப்ப வெளங்கல. பொறவு உங்க தாத்தாதான் சொன்னாரு, ரேகைய."

எங்கள் பாட்டனின் பத்து விரலும் எந்தக் காகிதத்திலோ பதிந்திருக்கும். முகம் எதிலும் பதியவில்லை. போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும் என்று அந்தக் காலத்தில் பலர் பயந்தார்கள் என்று படித்திருக்கிறேன். அதை மூடநம்பிக்கை என்று சிரித்தும் இருக்கிறேன். இதைக் கேட்ட பிறகு சிரிப்பு வரவில்லை.

குடும்பம் இருக்கிறது, ஊர் இல்லை

தாத்தா-அப்பத்தா காலத்தில் குடும்பப் படம் என்றால் ஸ்டுடியோதான். வண்டி கட்டியோ பஸ் ஏறியோ டவுனுக்குப் போய், பவுடர் பூசி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற படம். பின்னால் துணியில் வரைந்த திரை. அதில் மாளிகை, மாடிப்படி, ரோஜாத் தோட்டம், தாஜ்மகால், சில இடங்களில் ஆகாய விமானம்கூட உண்டு. புஞ்சையில் வேலை செய்தவர்கள் மாளிகை முன்னால் நின்றார்கள். அதைக் கேலி செய்ய எனக்கு மனசில்லை. ஒரு நாளாவது தங்களுக்குப் பிடித்த இடத்தில் தாங்களே நிற்பதாக ஒரு படம் வேண்டும் என்ற ஆசை அது. யாரும் கட்டாயப்படுத்தி எடுத்ததில்லை, காசு கொடுத்து விரும்பி எடுத்தது.

அந்தத் திரைகளும் படங்களும் இப்போது வேகமாக அழிந்து வருகின்றன. புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் ஆய்வாளர்கள், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, பழைய தமிழ் ஸ்டுடியோப் படங்களைத் தேடி டிஜிட்டலாக்கியிருக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் அப்படிப்பட்ட படங்களில் ஒரு சங்கடம் உண்டு: படத்தில் நிற்பவர்கள் உசிலம்பட்டியா, கும்பகோணமா, யாழ்ப்பாணமா என்று திரையை வைத்துச் சொல்ல முடியாது. பின்னால் எழுதியிருந்தால் உண்டு.

1977-ல் 'பதினாறு வயதினிலே' வந்து சினிமாவை ஸ்டுடியோ செட்டிலிருந்து கிராமத்துக்குக் கூட்டிப்போனது என்பார்கள். குடும்பப் படம் வெளியே வர இன்னும் கொஞ்ச நாள் ஆனது. கேமரா சிறியதாகி, கலர் பிலிம் விலை குறைந்து, கடைசியில் போனுக்குள் வந்தபோது எல்லாரும் வெளியே வந்துவிட்டோம். இப்போது கல்யாணத்துக்கு முன்பே அவுட்டோர் ஷூட். ஆனால் பல நேரம் வெளியே போயும் பழைய திரையைத்தான் தேடுகிறோம். அழகாக ஒரு பின்னணி கிடைத்தால் போதும், அது எந்த இடம் என்ற கவலை கிடையாது. நானும் முதல் நாள் அப்படித்தான் தேடினேன்.

மலையில் இருக்கும் பெயர்கள்

இடம் பார்க்க ஒரு காலையில் நான் மட்டும் மலைக்குப் போனேன். அடிவாரத்தில் அய்யனார் கோயில், பெரிய ஆலமரம், தாமரைக் குளம். அங்கிருந்து பாறையில் வெட்டிய படிகள் ஏறினால் பேச்சிப்பள்ளம். ஒரு சுனை, அதன் மேல் பாறையில் வரிசையாக எட்டுச் சமணச் சிற்பங்கள். மகாவீரர், ஐந்தலை நாகம் குடைபிடிக்கும் பார்சுவநாதர், கொடி சுற்றிய பாகுபலி. எல்லாம் கி.பி. 9, 10-ம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அடியில் வட்டெழுத்துக் கல்வெட்டுகள். மலையின் இன்னொரு பக்கம் செட்டிப்புடவு. புடவு என்றால் குகை. வாசலில் பெரிய தீர்த்தங்கரர். நீண்ட காதைப் பார்த்துச் செட்டியார் என்று ஜனங்கள் பெயர் வைத்துவிட்டார்கள். உள்ளே சிங்கத்தின் மேல் ஏறி வில்லோடு நிற்கும் ஒரு பெண், யானை மேல் வரும் வீரனை எதிர்க்கிறாள்.

ஏற்கெனவே பலமுறை பார்த்த சிற்பங்கள்தான். இந்தத் தடவை கல்வெட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டுப் போனேன். பெரிய ராஜா கதை ஒன்றும் இல்லை. இன்னார் மாணாக்கர் இன்னார் செய்வித்த திருமேனி, அவ்வளவுதான். பேச்சிப்பள்ளத்தில் ஒரு சிற்பம் செய்வித்தவர் குணமதியார். அவர் யார் என்றால் அச்சணந்தியின் தாயார். அச்சணந்தி தமிழ்நாட்டில் பல மலைகளில் சிற்பம் செய்வித்த புகழ்பெற்ற சமண முனிவர். வீட்டைத் துறந்து போன மகன். ஆனால் கல்லில் அந்தம்மா அவருடைய தாயாகவே இன்னும் இருக்கிறார்.

இந்த மலைத்தொடரில் உள்ள இன்னொரு கல்வெட்டு என்னைத் தூக்கிப்போட்டது. குறண்டி என்ற ஊரின் சமணப் பள்ளி மரபில் வந்த கனகவீரப் பெரியடிகள் என்பவர் ஒரு திருமேனி செய்விக்கிறார். யார் பேரால்? அமிர்தபராக்கிரம நல்லூர் என்றும் பெயர் கொண்ட குயிற்குடி ஊரார் பேரால்! குயிற்குடிதான் குயில்குடி. ஆயிரம் வருடத்துக்கு முன்னால் எங்கள் ஊர்க்காரர்கள் எல்லாரையும் சேர்த்து மலையில் ஒரு முறை எழுதியிருக்கிறார்கள். 1914-ல் பதிவேட்டில் இன்னொரு முறை எழுதினார்கள். இரண்டும் இதே ஊர்ப் பெயர்தான்.

சிற்பங்களுக்குப் பக்கத்தில் வேறு பெயர்களும் இருக்கின்றன. ஆணியாலும் பெயிண்டாலும் எழுதிய காதல் பெயர்கள். வீட்டுக்கு வந்து திட்டிக்கொண்டிருந்தேன். தம்பி மடக்கினான்: "அவுங்க மட்டும் பேரு வெட்டலையா? இதுவும் ஆயிரம் வருசம் கழிச்சுக் கல்வெட்டுதானடா?"

நல்ல கேள்வி. யோசித்துத்தான் பதில் சொன்னேன். அவர்கள் சும்மா பெயர் எழுதவில்லை. ஒரு காரியத்தைச் செய்துவிட்டு, யார் பேரால் செய்தோம், இனி இதைக் காப்பாற்றும் பொறுப்பு யாருடையது என்று எழுதினார்கள். நான் சொன்ன அந்தக் கல்வெட்டு முடிவதே இன்னார் ரட்சை, அதாவது இன்னார் பாதுகாப்பு, என்றுதான். கிறுக்குகிறவர்கள் செய்வது அந்தப் பாதுகாப்பை உடைக்கும் வேலை. (சட்டப்படியும் இது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். சிதைத்தால் இரண்டு வருடம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். இதைச் சொன்னதும் தம்பி பேச்சை மாற்றிவிட்டான்.)

கடைசியில் எங்கே நின்றோம்?

சிற்பங்கள் முன்னால் எடுக்கலாம் என்று அத்தை பிள்ளைகளுக்கு ஆசை. நான் வேண்டாம் என்றேன். மழை ஈரத்தில் பாறை வழுக்கும், அப்பத்தாவால் ஏற முடியாது. அதோடு பதினொரு பேர் நெருக்கி நின்றால் யாராவது சிற்பத்தின் மேல் சாய்வார்கள். பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டிவிட்டு இறங்கினோம். குணமதியாரின் பெயர் எந்த எழுத்தில் இருக்கிறது என்று அத்தை மகள் கேட்டாள். வட்டெழுத்து என்றேன். "இட்லி மாதிரி இருக்கு" என்றாள்.

ஆலமரத்தடியில் நின்றால் முகமெல்லாம் இருட்டு, பின்னால் பாறை மட்டும் பளீர் என்று வந்தது. ஆறேழு படம் வீண். பிறகு குளத்துக் கரைக்கு நகர்ந்து, மேகம் வெயிலை மூடும்வரை காத்திருந்தோம். அப்பத்தாவுக்கு நடுவில் நாற்காலி. பின்னால் முழு மலையும் தெரிகிற மாதிரி நின்றுகொண்டோம். யாரும் சிவப்புச் சட்டை போட்டுச் சமாளிக்கவில்லை. கூதிர் காலத்துப் பச்சையும் கறுத்த பாறையும் போதுமாக இருந்தது.

படத்தைப் போனோடு விடாமல் பிரிண்ட் போட்டேன். பின்பக்கம் இடமிருந்து வலமாகப் பதினொரு பேரின் பெயர், முறை, தேதி, 'கீழக்குயில்குடி' என்று எழுதினேன். கீழே, படத்தில் இல்லாத பாட்டனின் பெயரையும் எழுதி, "இவருக்குப் படம் இல்லை, இது இவர் ஊர்" என்று சேர்த்தேன்.

நண்பர்களே, நீங்களும் இந்த மழைக்காலத்தில் குடும்பப் படம் எடுப்பதாக இருந்தால் நான் சொல்லும் யோசனை இவ்வளவுதான். அழகான இடத்தைத் தேடுவதற்கு முன்னால் வீட்டில் வயதானவர்களிடம் எந்த இடம் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அவர்கள் சொல்லும் இடத்துக்குப் பின்னால் ஏதாவது இருக்கும். எடுத்த பிறகு பின்னால் பெயரும் ஊரும் எழுதுங்கள்.

படத்தை அப்பத்தாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டு வெகுநேரம் பார்த்தார்.

"மல நல்லா விழுந்திருக்கு. நாந்தேன் கறுத்துப் போனேன்."